பட்டனுக்கு நடுவே இருக்கும் இடம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிக்கப் வண்டி வைத்திருப்பவருக்கு ஓராண்டுக்குள் எல்லா விதமான தரையும் வந்துவிடும். வார நாட்களில் டென்வரின் கான்கிரீட் நெடுஞ்சாலை. கோடைப் பிற்பகலில் திடீரென்று கொட்டும் இடிமழை. விடுமுறையில் மலை ஏறினால் 3,000 மீட்டருக்கு மேலே, சுரங்கக்காரர்கள் அந்தக் காலத்தில் வெட்டிவிட்டுப் போன கற்பாதைகள். குளிர் வந்தால் அதே பாதையைப் பனி மூடும். மேற்கே ஐந்தாறு மணி நேரம் ஓட்டினால் யூட்டா மாநிலத்தின் மோவாப். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணற்பாறை. இத்தனைக்கும் வண்டியில் இருப்பது நான்கு டயர்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போவதும் அவற்றின் மேல்தான்.

பழைய டயர் தேய்ந்து கடைக்குப் போனால் இரண்டு வகை எதிரே நிற்கும். ஒன்று ஆல் டெரெய்ன். பிக்கப் வண்டிகளுக்கான ரேடியல் டயரில் இந்த வகையை 1976-ல் பிஎஃப்குட்ரிச் நிறுவனம் கொண்டுவந்தது. இன்று எல்லா நிறுவனங்களும் செய்கின்றன. இன்னொன்று மட் டெரெய்ன், அதாவது சேற்று டயர். டயர் கடையில் பட்டன் என்று சொல்கிறோமே, அந்த ரப்பர்க் கட்டிகள் இதில் பெரிது பெரிதாக, இடையில் விரல் நுழையும் அளவுக்கு விலகி நிற்கும். வண்டிக்கு ஒரு கம்பீரத்தைக் கொடுப்பது இதுதான். விளம்பரப் படங்களில் பாறை மேல் ஏறி நிற்கும் வண்டிகளுக்குப் பெரும்பாலும் இதைத்தான் மாட்டியிருப்பார்கள்.

தினமும் ஓட்டும் வண்டிக்கு ஆல் டெரெய்ன்தான் சரி என்பது என் முடிவு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கான காரணங்களில் அநேகமாக எல்லாமே பட்டன்களுக்கு நடுவே விட்ட வெற்றிடத்துக்குள் அடங்கியிருக்கின்றன. அதைப் புரிந்துகொண்டவருக்குக் கடைக்காரர் சொல்வதில் எது உண்மை, எது வியாபாரம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியும்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். வண்டியின் எடை 2,200 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு டயர் சுமப்பது 550 கிலோ. உள்ளே காற்று 35 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிலோ. அந்த எடையை அந்த அழுத்தம் தாங்க வேண்டுமானால் தரையோடு ஒட்டும் பரப்பு ஏறத்தாழ 220 சதுர சென்டிமீட்டர். ஓர் ஏ4 தாளில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். நான்கு டயர்களையும் கூட்டினாலும் ஒன்றரைத் தாள் தேறாது. பிரேக் பிடிப்பது, வளைவில் திரும்புவது, மேட்டில் ஏறுவது எல்லாம் இந்தத் துண்டு நிலத்தில்தான் நடக்கின்றன. இதில் எவ்வளவு ரப்பருக்கு, எவ்வளவு பள்ளத்துக்கு என்று பங்கு பிரிப்பதுதான் டயர் வடிவமைப்பு. நெடுஞ்சாலை டயரில் நாலில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் பள்ளமாக இருக்கும். சேற்று டயரில் பாதியை நெருங்கும். ஆல் டெரெய்ன் இரண்டுக்கும் நடுவில். பள்ளத்துக்குக் கொடுத்த இடத்தை ரப்பரிடமிருந்துதான் எடுக்க முடியும். வேறு வழியே கிடையாது.

ரப்பர் எப்படித் தரையைப் பிடிக்கிறது என்பதும் பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வு விதிக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது. தொடும் பரப்புக்கும் உராய்வுக்கும் தொடர்பில்லை என்று அங்கே படித்தோம். இரும்புக்கும் மரத்துக்கும் அது பெருமளவு பொருந்தும். ரப்பருக்குப் பொருந்தாது. இங்கிலாந்தில் இயற்கை ரப்பர் ஆய்வில் ஈடுபட்டிருந்த கே. ஏ. க்ரோஷ் 1963-ல் வெளியிட்ட ஆய்வு, ரப்பரின் பிடிப்பு இரண்டு வழிகளில் பிறப்பதைக் காட்டியது. ஒன்று, ரப்பரின் மூலக்கூறுகள் தரையோடு மிக நெருங்கி ஒட்டி, இழுபட்டு, பிய்ந்து, மறுபடி ஒட்டுவது. மற்றது, தரையின் சொரசொரப்பு ரப்பரை அமுக்கி அமுக்கி விடும்போது ரப்பர் சற்றுத் தாமதமாக மீள்வதும், அந்தத் தாமதத்தில் ஆற்றல் வெப்பமாகக் கழிவதும். இரண்டுக்குமே ரப்பர் தரையை நிறையத் தொட வேண்டும். அதே எடை குறைந்த ரப்பர் மேல் இறங்கினால் ஒவ்வொரு பட்டனிலும் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடக் கூட ரப்பரின் உராய்வுக் கெழு குறையும். போதாததற்கு, உயரமான பட்டன் பிரேக் பிடிக்கும்போது வளைந்து நெளியும். நெளியும் பட்டனின் ஓர் ஓரம் மட்டும் தரையில் ஊன்றும், மறு ஓரம் தூக்கிக்கொள்ளும். சேற்று டயரில் வண்டி நிற்பதற்குக் கூடுதல் தூரம் கேட்பதும், ஸ்டீயரிங் திருப்பினால் அரை மனதோடு திரும்புவதும் இதனால்தான்.

மழை விஷயத்தில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. பள்ளம் பெரிதாக இருந்தால் தண்ணீர் நன்றாக வெளியேறும், ஆகவே சேற்று டயர்தான் மழைக்கு நல்லது என்பார்கள். பாதி சரி. சாலையில் நீர் தேங்கி நிற்கும்போது டயர் நீரின் மேல் மிதந்துவிடும் ஆபத்தில் பெரிய பள்ளம் உதவவே செய்யும். க்ரோஷின் ஆய்வு வந்த அதே 1963-ல் நாசாவின் வால்டர் ஹார்ன், ராபர்ட் ட்ரெஹர் இருவரும் விமான டயர்களை ஆராய்ந்து ஓர் எளிய சூத்திரத்தைத் தந்தார்கள்: டயரின் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று கிடைக்கும். 35 பிஎஸ்ஐ என்றால் சுமார் 98 கிலோமீட்டர் வேகம். இது பட்டன் தேய்ந்த டயருக்கும், பள்ளத்தின் ஆழத்தை மிஞ்சி நிற்கும் நீருக்கும் உரிய கணக்கு. ஆழமான பள்ளமுள்ள டயர் இதைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் மழை நாளில் நாம் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி தேங்கிய நீரில் கழிவதில்லை. மெல்லிய நீர்ப்படலம் பூசிய சாலையில்தான் கழிகிறது. அங்கே பெரிய வாய்க்கால் உதவாது. படலத்தைக் கிழித்து ரப்பரைத் தரையில் படவைக்கும் மெல்லிய கீறல்கள் வேண்டும். ஜான் சைப் என்பவர் 1923-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது: பட்டனின் முகத்தில் கத்தியால் கீறியது போன்ற நுண்ணிய வெட்டுகள். ஆல் டெரெய்ன் பட்டன்களில் இவை நெருக்கமாக இருக்கும். சேற்று டயரின் பட்டன் கல்லில் பட்டுப் பிய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அதில் கீறல்களைக் குறைவாகவே விடுவார்கள். ஈரச் சாலையில் அவசரமாக பிரேக் போட வேண்டிய நிமிடத்தில் இந்தக் குறை வெளிப்படும்.

பனியில் நடப்பது இன்னும் விந்தை. பனியைப் பிடிக்கச் சிறந்த பொருள்களில் ஒன்று பனிதான். பள்ளங்களிலும் கீறல்களிலும் பனியை அடைத்துக்கொண்டு உருளும் டயர், தரையில் இறுகிய பனியோடு தன் பனியை ஒட்டவைத்து இழுக்கும். அப்படியானால் அடைத்த பனியைத் தக்கவைத்துக்கொள்வது நல்லது. சேற்று டயரோ உள்ளே புகுந்ததை வெளியே வீசுவதற்காகவே பிறந்தது. புதிதாகப் பெய்த ஆழமான, உதிரியான பனியில் அது துழாவிக்கொண்டு போய்விடும். வண்டிகள் ஓடி ஓடி இறுக்கிய பனியிலும், காலை நேரக் கண்ணாடிப் பனியிலும் தடுமாறும். கொலராடோக்காரர் பனிக்காலத்தில் சந்திப்பது பெரும்பாலும் இரண்டாவது வகையைத்தான்.

டயரின் பக்கச் சுவரில் உள்ள குறியீடுகளைப் படிக்கத் தெரிந்திருப்பது இங்கே உயிர் காக்கும் விஷயம். எம்+எஸ் என்ற எழுத்துக்கள் பல டயர்களில் இருக்கும், சேற்று டயரிலும் இருக்கும். சேறும் பனியும் என்று அதற்குப் பொருள் சொன்னாலும், அந்த முத்திரைக்குப் பள்ளத்தின் வடிவமும் அளவும் போதும். யாரும் அந்த டயரைப் பனியில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டியதில்லை. மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த சின்னம் வேறு. அதைப் பெற வேண்டுமானால், இறுகிய பனியில் முன்னோக்கி இழுக்கும் திறனில் ஒரு பொது ஒப்பீட்டு டயரைவிட 10 சதவீதமாவது கூடுதலாக இருப்பதைச் சோதனையில் காட்ட வேண்டும். பிரேக்கையும் வளைவையும் அந்தச் சோதனை அளப்பதில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் அது ஒரு சோதனை. ஆல் டெரெய்ன் டயர்கள் பலவற்றில் இந்தச் சின்னம் உண்டு. சேற்று டயரில் அரிது. மலைநாட்டில் தினமும் ஓட்டும் வண்டிக்கு இந்தச் சின்னம் இல்லாத டயரை வாங்கவே கூடாது என்று நான் சொல்வேன்.

சேற்று டயர் சேற்றில் என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். அந்தத் தொழிலில் அது ஈடு இணையற்றது. ஈர மண்ணுக்கு உராய்வு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பட்டன் மண்ணுக்குள் இறங்கி, ஒரு கட்டி மண்ணைப் பின்னால் தள்ளுகிறது. அந்தக் கட்டி அறுந்துபோகாமல் தாங்கும் வலுதான் வண்டியை முன்னே நகர்த்துகிறது. தள்ளி முடித்த மண் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டால் அடுத்த சுற்றில் டயர் வழவழப்பான களிமண் உருளையாகிவிடும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் பள்ளம் காலியாக வேண்டும். இதைச் செய்வது சுழற்சி. 32 அங்குல டயர் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுழன்றால் அதன் ஓரத்தில் மண்ணை வெளியே வீசும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 17 மடங்கு. மணிக்கு 5 கிலோமீட்டரில் அது புவியீர்ப்பில் பாதிதான். மெதுவாக ஊர்ந்தால் பள்ளம் அடைபடுவதும், சக்கரத்தைக் கொஞ்சம் சுழலவிட்டால் சேறு தெறித்துப் பிடிப்பு திரும்புவதும் இதனால்தான். பள்ளம் அகலமாக இருந்தால் மண் எளிதில் உதிரும். ஆல் டெரெய்னின் குறுகிய பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும்.

இதன் உச்ச வடிவத்தைத் தமிழ்நாட்டு வயல்களில் பார்க்கலாம். சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டும் கேஜ் வீலில் ரப்பரே கிடையாது; இரும்புப் பட்டைகளும் அவற்றுக்கு நடுவே வெற்றிடமும்தான். தொளியைக் கிழித்துக்கொண்டு அடியில் உள்ள கெட்டித் தரையை எட்டும், சேறு கம்பிகளுக்கு நடுவே வழிந்து போய்விடும். வயலுக்கு அதைவிடச் சிறந்த சக்கரம் கிடையாது. அதே சக்கரத்தோடு தார்ச் சாலையில் ஏறினால் சாலையே பெயர்ந்து போகும். கேஜ் வீல் ஒரு கோடியில், நெடுஞ்சாலை டயர் மறு கோடியில் என்று வைத்துப் பார்த்தால் சேற்று டயர் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பது விளங்கும்.

கொலராடோவின் மேற்கிலும் யூட்டாவின் கிழக்கிலும் சேற்று டயரையும் தோற்கடிக்கும் ஒரு மண் உண்டு. டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியில் வட அமெரிக்காவின் நடுவே ஒரு கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சேறு இன்று மான்கோஸ் ஷேல் என்ற சாம்பல் நிறப் பாறையாகப் பரந்து கிடக்கிறது. எரிமலைச் சாம்பலிலிருந்து பிறந்த பென்டோனைட் களிமண் அதில் கலந்திருக்கிறது. நீரைக் குடித்து உப்பும் களிமண் இது. காய்ந்திருக்கும்போது கான்கிரீட் போலக் கெட்டியாக இருக்கும் மண்பாதை, ஒரு மழைக்குப் பிறகு சோப்புக்கட்டி ஆகிவிடும். டயரில் ஒட்டினால் 17 மடங்கு வீச்சுக்கும் விடாது. சக்கர வளைவு முழுவதும் அடைத்துக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். ஈரமாக இருந்தால் செல்ல இயலாது என்று அந்தப் பாதைகளின் தொடக்கத்தில் பலகை வைத்திருப்பார்கள். அந்தப் பலகைக்கு எதிராக எந்த டயரும் வேலை செய்யாது. வெயில் வந்து காயும்வரை காத்திருப்பதுதான் வழி. அப்படிக் காத்திருப்பவருக்கு ஆல் டெரெய்ன் போதும். காத்திருக்காதவருக்குச் சேற்று டயரும் போதாது, பாதையும் பாழாகும்.

மோவாபின் மணற்பாறைக்கு வருவோம். இரும்பு லாடம் அடித்த குதிரைகள் அந்தப் பாறையில் சறுக்கி விழுந்தன. ரப்பருக்கோ அது உப்புத்தாள் போன்ற பிடிமானம்: ஒவ்வொரு மணல் துகளைச் சுற்றியும் ரப்பர் வழிந்து கவ்விக்கொள்ளும். அங்கே எவ்வளவு ரப்பர் படுகிறதோ அவ்வளவு நல்லது. செங்குத்தாகத் தோன்றும் சரிவில் சாதாரண ஆல் டெரெய்ன் டயரோடு வண்டிகள் ஏறுவதன் ரகசியம் இதுதான். பாறையில் சேற்று டயருக்குள்ள உண்மையான மேன்மை பட்டனில் இல்லை, பக்கச் சுவரில் இருக்கிறது. கூர்மையான கல் டயரின் அடியைவிடப் பக்கத்தைத்தான் கிழிக்கும். அங்கே கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது. சேற்று டயர்கள் பலவற்றில் பக்கச் சுவருக்கு மூன்று அடுக்குத் துணி கொடுத்து, ரப்பரையும் தடிமனாக்கியிருப்பார்கள். ஆனால் மூன்றடுக்குப் பக்கச் சுவர் கொண்ட ஆல் டெரெய்ன் டயர்களும் கிடைக்கின்றன. சுவர்தான் வேண்டுமென்றால் சுவரைக் கேட்டு வாங்கலாம்.

மணலில் கதை முழுவதும் காற்றழுத்தத்தின் கையில் இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பேக்னால்ட் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லிபியப் பாலைவனத்தின் மணல்மேடுகளை சாதாரண ஃபோர்டு கார்களில் கடந்தார். டயரில் காற்றைக் குறைத்தது அவர் கையாண்ட முக்கிய உத்திகளுள் ஒன்று. நம் கணக்கிலேயே 35 பிஎஸ்ஐயை 18-ஆகக் குறைத்தால் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். மணலில் தோண்டினால் புதையும், மிதந்தால் போகலாம். ஆழமான பட்டன் இங்கே தோண்டும் கருவியாக மாறுகிறது. தளர்ந்த தரையில் சக்கரம் நடந்துகொள்ளும் முறையை ஒரு தனி அறிவியலாக வளர்த்தவர் போலந்தில் பிறந்த எம். ஜி. பெக்கர். அவர் அறிவு 1971-ல் அப்போலோ 15 கொண்டுபோன சந்திர ஊர்தியின் சக்கரங்களுக்கும் பயன்பட்டது. எஃகுக் கம்பி வலையால் பின்னிய அந்தச் சக்கரங்களில், தரையைத் தொடும் பரப்பில் பாதியை டைட்டானியப் பட்டைகள் மூடியிருந்தன. பாதி பட்டை, பாதி இடைவெளி. சந்திரனின் தூசு மண்ணுக்கு அந்தப் பங்கீடு பொருந்தியது. ஒவ்வொரு தரைக்கும் அதற்கேற்ற பங்கீடு உண்டு என்பதற்கு இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் இல்லை.

காற்றைக் குறைத்தவர் திரும்பவும் அடைக்காமல் நெடுஞ்சாலைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஹார்ன், ட்ரெஹர் சூத்திரமே பதில் சொல்கிறது: 20 பிஎஸ்ஐயில் மிதக்கும் வேகம் சுமார் 75 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். டயரும் கொதிக்கும். நூறு டாலருக்குள் கிடைக்கும் ஒரு சிறிய கம்ப்ரெஸர், ஆல் டெரெய்ன் டயரோடு சேர்ந்து, சேற்று டயர் தரும் பலனில் பெரும்பகுதியைத் தந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

அன்றாடச் செலவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டயர் உருளும்போது நெளியும் ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது ஆற்றலைத் தின்கிறது. உருளும் தடை 10 சதவீதம் கூடினால் எரிபொருள் செலவு 1 முதல் 2 சதவீதம் வரை கூடும் என்பது பொதுவான கணக்கு. தடித்த, உயரப் பட்டன் டயர்களில் தடை 10 சதவீதத்தோடு நிற்காது. எடையும் சேரும். டயரின் எடை வெளிவட்டத்தில் இருப்பதால், வேகமெடுக்கும்போதும் நிறுத்தும்போதும் அது ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கணக்காகும். டயருக்கு 5 கிலோ கூடினால் இன்ஜினுக்கு அது 40 கிலோ சுமை போலத் தெரியும். கம்பீரத்துக்காக 32 அங்குலத்திலிருந்து 35 அங்குலத்துக்குப் போனால் மீட்டர் 100 காட்டும்போது வண்டி 109-ல் ஓடும்.

சத்தம் தனிக்கதை. 32 அங்குல டயர் 100 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 11 தடவை சுழலும். சுற்றளவில் 40 வரிசைப் பட்டன்கள் என்றால் விநாடிக்கு 435 தடவைக்குக் குறையாமல் தரையில் அடி விழும். அது காதுக்கு நன்றாகக் கேட்கும் ஒரு சுருதி. பள்ளத்தில் அடைபட்டு வெளியேறும் காற்றும் ஊதும். டயரின் வளைவும் சாலையும் சேர்ந்து அமைக்கும் கூம்பு அந்த ஒலியைப் பெருக்கிக் காட்டும். பட்டன்களின் நீளத்தை வரிசைக்கு வரிசை சற்று மாற்றி வைத்து, ஒலியை ஒரே சுருதியில் குவியாமல் சிதறடிப்பது பொறியாளர்களின் உத்தி. நெருங்கிய பட்டன்களில் இது நன்றாகப் பலிக்கும். பெரிய பட்டன்களில் ஓரளவே பலிக்கும். அதுவும் புதிதில்தான். பட்டன்கள் கோணலாகத் தேயத் தொடங்கியதும் ஊளைச் சத்தம் எழும். 8,000 அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை டயர்களை இடம் மாற்றிப் போடுவது எந்த வகைக்கும் நல்லது. சேற்று டயருக்கு அது கட்டாயம்.

கடையில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஒரே அளவு ஆல் டெரெய்ன் டயர் சாதாரணப் பயணி வகையிலும், எல்டி எனப்படும் இலகு சரக்கு வகையிலும் கிடைக்கும். எல்டியில் ஈ என்ற சுமைப் பிரிவு டயர் 80 பிஎஸ்ஐ வரை தாங்கும் உறுதி கொண்டது. உறுதி கூடுவதால் அதே எடையைச் சுமக்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். பயணி வகை டயரோடு வந்த வண்டியின் கதவோரச் சீட்டில் எழுதிய அழுத்தத்தையே எல்டி டயருக்கும் வைத்தால், பாரம் ஏற்றிய நாளில் அது குறைகாற்றில் ஓடும் டயர்தான். சுமை அட்டவணையைப் பார்த்து அழுத்தத்தைச் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குவது நல்லது. பாரம் ஏற்றாதவருக்கும், கூர்ங்கற்கள் நிறைந்த பாதைக்குப் போகாதவருக்கும் எல்டி டயரே வேண்டியதில்லை.

சேற்று டயர் யாருக்கு? எண்ணெய்க் கிணற்று மண்பாதையிலோ, ஈரக் காட்டில் மரம் வெட்டும் பாதையிலோ, மாட்டுப் பண்ணையிலோ வாரத்தில் பல நாள் சக்கரம் சேற்றில் இறங்குபவருக்கு. அவர் ஈரச் சாலையில் கொஞ்சம் மெதுவாகப் போவார், சத்தத்தைப் பொறுத்துக்கொள்வார், அதில் நியாயம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை சேற்றுக்குப் போகிறவர் அதற்கென்று ரிம்மோடு தனி நான்கு டயர் வைத்துக்கொள்ளலாம், இடமும் பணமும் இருந்தால்.

டென்வர் பிக்கப்பின் ஆல் டெரெய்ன் டயர் புதிதில் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் ஆழப் பள்ளத்தோடு வரும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்ட விடுகிறது. ஆனால் டென்வரிலிருந்து மேற்கே மலையேறும் ஐ-70 நெடுஞ்சாலையில் மாரிசனிலிருந்து டாட்செரோ வரையிலான மலைப்பகுதியில், செப்டம்பர் முதல் மே முடிய, நான்கு சக்கர இழுவை வண்டியும் அங்குலத்தில் 16-ல் 3 பங்கு, அதாவது 4.8 மில்லிமீட்டர் பள்ளம் வைத்திருக்க வேண்டும் என்று கொலராடோ கேட்கிறது. பட்டனில் கீறல்கள் தேய்ந்து மறைவதும் பொதுவாக அந்த ஆழத்தை ஒட்டித்தான். ஆகஸ்டில் ஓர் ஆழமானியை வைத்து நான்கு டயரையும் அளந்துவிட வேண்டும்.